அறை குளிருது, ஈரம் போகுதில்லை: வாசகர் கேள்வி பதில்

வாடை தொடங்கி, குளக்கட்டுகளில் ஆட்கள் நின்று தண்ணி மட்டம் பார்க்கிற காலம் வந்தால் எங்களுக்கு வரும் கடிதங்களும் ஒரே பாட்டைப் பாடத் தொடங்கிவிடும்: ஏசி ஓடுது, ஆனால் அறை நசநசக்குது. இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே விட்டிருக்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறோம்.

கேள்வி: படுக்கையறை 12க்கு 10 அடி. 12,000 பி.ரி.யூ இன்வேர்ட்டர் ஏசி. சித்திரையில் அருமையாக வேலை செய்தது. இப்ப கார்த்திகையில் 24இல் விட்டால் பத்து நிமிசத்தில் 24க்கு வந்துவிடுது. ஆனால் பெட்சீற் ஈரமாகக் கிடக்குது, ஈரப்பதன் மானி 78 வீதம் காட்டுது. பூட்டினவர் வந்து பார்த்துவிட்டு "மெசினில் பிழை இல்லை" என்கிறார். அப்ப பிழை எங்கே?
வாசகர், பரந்தன்

பதில்: பூட்டினவர் சொன்னது சரி. மெசினுக்குச் சொல்லப்பட்டது "24 பாகை" என்பது மட்டும்தான்; அதை அது முடித்துவிட்டது. ஈரத்தைப் பார்த்து ஓடுகிற ஏற்பாடு பெரும்பாலான வீட்டு ஏசிகளில் கிடையாது. பில்டருக்குப் பின்னால் மிளகளவில் ஒரு வெப்ப உணரி இருக்கும். அது 24ஐக் கண்டதும் கொம்பிரசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்றிலிருந்து தண்ணீர் பிரிவது குளிரூட்டலோடு கூடவே நடக்கிற எடுபிடி வேலை. குளிரூட்டல் ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும்.

குளிர்ச் சோடாப் போத்தலை மேசையில் வைத்தால் வெளிப்புறம் வியர்க்கிறதே, மெசினுக்குள்ளே காற்றைக் குளிராக்குகிற குழாய்ச் சுருளிலும், அதாவது கொயிலிலும், நடப்பது அதுதான். ஆனால் போதிய குளிர் இருந்தால்தான் போத்தல் வியர்க்கும். 24 பாகையில் 78 வீத ஈரப்பதன் உள்ள காற்று, ஏறத்தாழ 20 பாகைக்குக் கீழே உள்ள பரப்பில் பட்டால் தண்ணீராகும். பள்ளிக்கூடத்தில் பனிபடுநிலை என்று படித்தது இதைத்தான். அதே காற்றை 55 வீதத்துக்கு இறக்கவேண்டும் என்றால் கொயில் 14 பாகைக்கும் கீழே போகவேண்டும். சித்திரை வெயிலில் மெசின் முழு மூச்சில் ஓடியபோது கொயில் அதைவிடக் குளிராகத்தான் கிடந்தது, தண்ணீரும் கொட்டியது. கார்த்திகை இரவில் வெளியிலேயே 25, 26 பாகைதான். படுத்திருக்கிற இரண்டு பேரின் உடற்சூடு, சுவரிலிருந்து வருகிற சூடு எல்லாம் சேர்த்தாலும் சில நூறு வாற்றுக்குள் அடங்கிவிடும். 12,000 பி.ரி.யூ என்பது 3,500 வாற்று. மாட்டு வண்டில் இழுக்கிற பாரத்துக்கு லொறி பிடித்த கதை. இன்வேர்ட்டர் தன் ஆகக் குறைந்த வேகத்துக்கு இறங்கி, கொயிலை 16, 17 பாகையில் வைத்துக்கொண்டு சும்மா சுற்றும். கொயில் 17 என்றால், 24 பாகை அறையின் ஈரப்பதன் 65 வீதத்துக்குக் கீழே இறங்க வழியே இல்லை. கொயிலை அதிகம் குளிரவிடாமல் ஓடித்தான் சிக்கன மெசின்கள் கரண்டை மிச்சம் பிடிக்கின்றன. கோடையில் அது கெட்டித்தனம், மாரியில் அதுவே வினை.

இன்னொன்று, கொம்பிரசர் நின்றபிறகும் உள் ஃபான் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது கொயில் தகடுகளிலும் கீழ்த்தட்டிலும் தங்கி நின்ற தண்ணீர், கொடியில் போட்ட துணி காய்வதுபோலக் காய்ந்து திரும்பவும் அறைக்குள்ளேயே போய்விடும். மெசின் பத்து நிமிடம் ஓடி, பத்து நிமிடம் நின்றால், குழாயால் வெளியே போகிற தண்ணீர் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

மூன்றாவது, உள்ளே வருகிற ஈரம். உங்கள் அறையின் உயரம் 10 அடி என்று வைத்தால் 34 கன மீற்றர் காற்று. வெளியே 26 பாகை, 90 வீதம் என்றால் ஒரு கன மீற்றரில் ஏறத்தாழ 22 கிராம் தண்ணீர். நீங்கள் விரும்புகிற 24 பாகை, 55 வீதத்தில் 12 கிராம். கதவு, யன்னல் இடுக்குகளால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை காற்று மாறினாலே 340 கிராம் தண்ணீர் உள்ளே வருகிறது. இரவு எட்டு மணித்தியாலத்துக்கு 2.7 லீற்றர். இரண்டு பேரின் மூச்சும் வியர்வையும் இன்னும் அரை லீற்றருக்கு மேல்.

இன்றைக்கே செய்யக்கூடியது: ஃபானை ஆகக் குறைந்த வேகத்தில் வையுங்கள். காற்று மெதுவாகப் போனால் கொயில் கூடக் குளிரும், தண்ணீர் கூடப் பிரியும். 'ஓட்டோ' வேண்டாம், 'ஈக்கோ' வேண்டவே வேண்டாம்; ஈக்கோ என்பது கொம்பிரசரின் கையைக் கட்டிவிடுகிற பொத்தான். படுக்கப் போவதற்கு ஒரு மணித்தியாலம் முந்தியே, கதவைப் பூட்டி, 20இல் குறைந்த ஃபானோடு ஓடவிட்டு, படுக்கும்போது ட்ரை மோடுக்கு (றிமோட்டில் தண்ணித்துளிப் படம், அடுத்த பதிலைப் பாருங்கள்) மாற்றி 25இல் விடுங்கள். உள் அலகுக்கும் சீலிங்குக்கும் இடையில் 15 சென்ரிமீற்றராவது இருக்கிறதா என்று பாருங்கள். நெருக்கமாக இருந்தால், வெளியே வந்த குளிர்காற்றே உடனே மேலால் உள்ளே இழுபட்டு உணரியை ஏமாற்றும். மெசின் நேரத்தோடு நின்றுவிடும்.

இவ்வளவும் செய்தால் 78 என்பது 65, 68க்கு வரலாம். அதற்குக் கீழே போகவேண்டும் என்றால் ஓட்டைகளை அடைக்கவேண்டும். அதுவும் போதாவிட்டால் தனி ஈரம் உறிஞ்சி. இரண்டையும் கீழே சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: றிமோட்டில் தண்ணித்துளி மாதிரி ஒரு படம் இருக்கு. அது என்ன? இரவு முழுக்க விடலாமா?
வாசகி, மாங்குளம்

பதில்: அதுதான் ட்ரை மோட். அதில் ஃபான் மெதுவாகச் சுற்றும், வேகத்தைப் பெரும்பாலும் உங்களால் மாற்ற முடியாது. பல மெசின்களில் கொம்பிரசர் நிற்கும்போது ஃபானும் நிற்கும் அல்லது மிக மெதுவாகும். அதனால் கொயிலில் நின்ற தண்ணீர் திரும்பி வருவது குறையும். இரவு முழுக்க விடலாம், மெசினுக்கு ஒரு கேடும் இல்லை. ஆனால் இதுவும் ஈரத்தை அளந்து ஓடுவதில்லை. நேரத்தையும் வெப்பநிலையையும் பார்த்து ஓடி ஓடி நிற்கும். அறை நன்றாகக் குளிர்ந்துவிட்டால் தானாக நின்றுவிடும். பங்குனி வெயிலில் இதைப் போட்டுவிட்டு "குளிருதில்லை" என்று திட்டவேண்டாம். அந்தக் காலத்துக்குக் 'கூல்'தான்.

கேள்வி: எங்கள் அறையும் 120 சதுர அடிதான். 12,000 ஈரம் எடுக்காவிட்டால் 18,000 பூட்டலாம் என்று கடையில் சொல்கிறார்கள்.
வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: பூட்டாதீர்கள். பெரிய மெசின் அறையை ஐந்து நிமிடத்தில் குளிராக்கிவிட்டு நிற்கும். கொயில் நனைந்து, தகடு தகடாகத் தண்ணீர் இறங்கி, தட்டு நிரம்பி, குழாயால் முதல் சொட்டு விழவே பத்து, இருபது நிமிடம் தேவை. சொட்டு விழமுந்தியே வேலை முடிந்துவிட்டால் ஈரம் எங்கே போவது? சீலிங் அடித்த 120 சதுர அடி அறைக்கு 9,000 போதும். மேல்மாடி, மேற்குச் சுவர், நாலைந்து பேர் படுக்கிற அறை என்றால் 12,000. வாங்கும்போது விளம்பரத் தாளில் ஆகக் குறைந்த கொள்ளளவு எவ்வளவு என்று பாருங்கள். ஆகக் கூடியதை எல்லாக் கடையும் சொல்லும். மாரியில் உதவுவது ஆகக் குறைந்ததுதான்.

கேள்வி: மெசின் நாள் முழுக்க ஓடினாலும் வெளியே ஹோஸால் ஒரு சொட்டுத் தண்ணி வருதில்லை. அயலில் அதே அளவு மெசினால் வாளி வாளியாக வருது. எவ்வளவு வரவேணும்?
வாசகர், வவுனியா

பதில்: இதை ஊகிக்கத் தேவையில்லை, அளந்து பார்க்கலாம். கதவு, யன்னலைப் பூட்டுங்கள். ட்ரை இல்லை, கூல் மோடில் 18 பாகை, நடு வேக ஃபான். முதல் 20 நிமிடத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். பிறகு ஹோஸ் நுனியில் ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலைக் கட்டி ஒரு மணித்தியாலம் விடுங்கள். மாரிக் காலத்தில் 12,000 மெசின் ஒன்று அந்த நேரத்தில் அரை லீற்றருக்கும் ஒரு லீற்றருக்கும் இடையில் தரவேண்டும். கூடவே, காற்று உள்ளே போகிற மேற்பக்கத்திலும் வெளியே வருகிற வாயிலும் ஒரு டிஜிற்றல் வெப்பமானியைப் பிடித்துப் பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 பாகை இருக்கவேண்டும்.

குளிர் சரியாக இருக்கிறது, தண்ணீர் மட்டும் வெளியே வரவில்லை, உள்ளே சுவரால் வடிகிறது என்றால் வடிகுழாய் அடைப்பு. எங்கள் பக்கத்தில் முதற் சந்தேகம் குளவி. ஹோஸ் நுனி ஒரு விரல் ஓட்டை. மண்குளவிக்கு அதைவிட நல்ல வளவு கிடையாது. கோடையில் மெசின் பாவிக்காமல் கிடந்தால் கூடு கட்டி, மண்ணால் அடைத்தே விட்டிருக்கும். ஈர்க்கால் குத்தினால் மண் உள்ளுக்குத்தான் போகும். நுனியில் இரண்டு அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டு, தண்ணீரும் இழுக்கிற வக்கியூம் இருந்தால் வெளியே இருந்து இழுங்கள். பிறகு உள் தட்டில் ஒரு லீற்றர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றியது தடையில்லாமல் வெளியே வரவேண்டும். நுனியில் பெரிய கண் வலைத் துண்டொன்றைக் கட்டி மாதம் ஒருமுறை கழுவுங்கள். கொசுவலை போன்ற சின்னக் கண் வேண்டாம், பாசி பிடித்து அதுவே அடைக்கும். ப்ளீச் ஊற்றவேண்டாம், அலுமினியத் தகட்டை அரிக்கும். ஹோஸ் மீற்றருக்கு 1 முதல் 2 சென்ரிமீற்றர் சரிவாகப் போகவேண்டும்; நடுவில் வயிறு தள்ளித் தொங்கவும் கூடாது, நுனி வாளித் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கவும் கூடாது.

குளிரும் இல்லை, தண்ணீரும் இல்லை என்றால் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். கிரவல் வீதியோரம் வீடு என்றால் சோளகக் காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவவேண்டும். பில்டர் சுத்தமாக இருந்தும் வெளி அலகில் மெல்லிய குழாயின் மூட்டில் வெண்பனி படிந்திருந்தால் மெசினுக்குள் சுற்றுகிற குளிரூட்டும் கேஸ் குறைவு. அப்போது கொயிலின் முதல் இரண்டு மூன்று சுற்று உறைந்து கிடக்கும், மிச்சம் வெதுவெதுப்பாகக் காய்ந்து கிடக்கும். காற்றின் பெரும்பகுதி காய்ந்த பக்கத்தால் போய்விடும், ஈரம் எடுபடாது.

கேஸ் என்பது பெற்றோல் மாதிரி எரிந்து முடிகிற சாமான் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. "வருசா வருசம் கொஞ்சம் அடிக்கவேணும்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். செப்புக் குழாய் மூட்டுகளில் சவர்க்கார நுரை வைத்து ஒழுக்கைக் கண்டு, மூட்டைத் திரும்பச் செய்து, வக்கியூம் பம்பை 20, 30 நிமிடம் ஓடவிட்டு, பிறகு தராசில் நிறுத்து அடிக்கவேண்டும். எத்தனை கிராம் என்பது வெளி அலகில் ஒட்டிய தகட்டில் இருக்கும். ஆர்32, ஆர்410ஏ என்ற இரண்டு வகைக் கேஸுக்கும் இதுதான் முறை. அமுக்கமானியை மட்டும் பார்த்து அடிப்பது, அதுவும் வேகம் மாறிக்கொண்டிருக்கிற இன்வேர்ட்டரில், குருட்டு வேலை. ஆர்32 தீப்பற்றக்கூடியது, பூட்டிய அறைக்குள் ஒழுக்குத் தேடும்போது சிகரெட்டும் வேண்டாம், விளக்கும் வேண்டாம்.

கேள்வி: வீட்டுத்திட்ட வீடு. ஓட்டுக்கூரை, சீலிங் இல்லை, கதவு யன்னலுக்கு மேலே காற்றுப்போக்குக்கு விட்ட ஓட்டைகள் இருக்கு. வெளிநாட்டிலிருந்து வந்த மகன் ஒரு அறைக்கு ஏசி பூட்டித் தந்துவிட்டுப் போனார். இரவு முழுக்க ஓடுது, அறை கிணற்றடி மாதிரித்தான் இருக்கு.
வாசகி, மல்லாவி

பதில்: அம்மா, அந்த வீடு காற்றோடுவதற்காகக் கட்டப்பட்டது. அதில் ஒரு குறையும் இல்லை. ஏசி கேட்பது அதற்கு நேர் எதிரானது, பூட்டிய பெட்டி. இப்போது உங்கள் மெசின் மல்லாவி முழுவதையும் காயவைக்கப் பார்க்கிறது.

வீடு முழுக்க வேண்டாம், அந்த ஒரு அறையை மட்டும் பெட்டியாக்குங்கள். முதலில் சீலிங். அதற்கும் முந்தி, நல்ல மழையில் ஓடு ஒழுகுகிறதா என்று பார்த்து உடைந்ததை மாற்றுங்கள். பிவிசி அல்லது ஜிப்சம் பலகை, எது கைக்கு எட்டுகிறதோ அதை அடிக்கலாம். பலகைக்கு மேற்பக்கம், அதாவது ஓட்டுப் பக்கம், 250 மைக்ரோன் தடித்த பொலித்தீனை விரித்து, ஒன்றின்மேல் ஒன்று 15 சென்ரிமீற்றர் ஏறவிட்டு ரேப் ஒட்டவேண்டும். சுவரோரத்திலும் நாலு அங்குலம் மடித்து ஒட்டவேண்டும். ஈரம் வருவது மேலே இருக்கிற சூட்டுக் காற்றிலிருந்து என்பதால்தான் மேற்பக்கம். கீழ்ப்பக்கம் விரித்தால் பலகை ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும்.

பிறகு கதவு. கதவுக்குக் கீழே அரை அங்குல இடைவெளி, மூன்று அடி அகலம் என்றால் 18 சதுர அங்குலம். சுவரில் ஒரு சிரட்டை வாயகல ஓட்டை போட்டதற்குச் சமம். சிரட்டை அளவு ஓட்டை சுவரில் இருந்தால் அன்றைக்கே அடைப்பீர்கள், கதவுக்குக் கீழே இருப்பது கண்ணில் படுவதில்லை. அடியில் றபர்ப் பட்டி, மற்ற மூன்று பக்கமும் பஞ்சுப் பட்டி ஒட்டுங்கள். காற்றோட்ட ஓட்டைகளைச் சீமெந்தால் பூசிவிடாதீர்கள். அளவாக வெட்டிய பிளைவூட் துண்டைச் சுற்றிவரப் பஞ்சுப் பட்டி ஒட்டி, நாலு ஆணித்திருகால் பூட்டுங்கள். சோளகம் அடிக்கிற மாதங்களில் கழற்றிவிட்டு வீட்டைப் பழையபடி மூச்சுவிட விடலாம். ஏசிக் குழாய் போகிற சுவர் ஓட்டையையும் பாருங்கள். இரண்டரை அங்குல ஓட்டைக்குள் ஒரு அங்குலக் குழாய் போகும், மிச்சம் பல்லிக்கும் எலிக்கும் ஈரக்காற்றுக்குமான பாதை. மெழுகுப் புட்டியால் இரண்டு பக்கமும் அடையுங்கள்.

அடைத்த அறைக்குள் அடுப்பு, கரிச்சட்டி, மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றும் கூடாது. ஈர உடுப்பையும் அங்கே கொடி கட்டிக் காயப்போடக் கூடாது. ஒருநாள் உடுப்பு ஒரு லீற்றர், இரண்டு லீற்றர் தண்ணீரை அறைக்குள் விட்டுவிடும்.

பூசாத கல் சுவர் என்றால் வாடை மழை அடிக்கிற பக்கத்தை வெளியால் பூசி, மழை தாங்கும் பெயின்ற் அடியுங்கள். உள்ளால் மட்டும் அடித்தால் சுவர் குடித்த தண்ணீர் பெயின்றைக் கொப்புளித்துக்கொண்டு வரும். 2018 மார்கழி வெள்ளத்தில் தண்ணீர் நின்ற வீடுகளில் இன்னும் அடிச்சுவர் வெள்ளை பூத்து உதிர்கிறது என்றால், அது நிலத்திலிருந்து ஏறுகிற ஓதம். அதற்கு ஏசியால் ஒன்றும் செய்ய முடியாது, மேசன் பாஸ்தான் பார்க்கவேண்டும்.

கேள்வி: புது வீடு. பூச்சு முடித்து இரண்டு மாதத்தில் குடிபுகுந்து ஏசி பூட்டினோம். ஈரம் 80க்குக் கீழே வருதில்லை.
வாசகர், நெடுங்கேணி

பதில்: சுவர் இன்னும் காயவில்லை. கொங்கிறீற்றுக்கும் பூச்சுக்கும் விட்ட தண்ணீர் மாதக்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஒரு சோளகக் காலம் முழுக்கக் கதவு யன்னலைத் திறந்து விடுங்கள். அதற்கு முந்தி அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்கவேண்டாம்.

கேள்வி: காலையில் ஏசியை நிற்பாட்டி யன்னலைத் திறந்தால் சுவரும் கண்ணாடியும் வியர்க்குது. அலுமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம். இரவில் 18இல் விடுகிறோம்.
வாசகி, கிளிநொச்சி

பதில்: 18தான் காரணம். இரவு முழுக்கக் குளிர்ந்த சுவர் 20 பாகையில் நிற்கிறது. மார்கழிக் காலைக் காற்று 24, 25 பாகை, ஈரம் 95 வீதம். அதன் பனிபடுநிலை ஏறத்தாழ 24. நீங்கள் யன்னலைத் திறந்ததும் சுவரே சோடாப் போத்தலாகிவிடுகிறது. 25இல் விடுங்கள். எழும்புவதற்கு முக்கால் மணித்தியாலம் முந்தி நிற்கும்படி ரைமரை வைத்து, சீலிங் ஃபானைப் போட்டு, சுவர் சூடேறிய பிறகு யன்னலைத் திறவுங்கள்.

அலுமாரியைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். பூஞ்சணத்தை உலர்ந்த தும்புக்கட்டையால் தட்டாதீர்கள், தூள் அறை முழுக்கப் பறக்கும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியை எறிந்துவிட்டு, அந்த இடத்தை ஃபானால் காயவையுங்கள். அறையின் வெளிப்பக்கத்திலும், அதாவது விறாந்தைப் பக்கச் சுவரிலும் பாருங்கள். 18இல் குளிர்ந்த சுவருக்கு மறுபக்கத்தில் விறாந்தைக் காற்றுப் பட்டு அங்கேயும் பிடித்திருக்கும். பலர் அதை ஓதம் என்று நினைத்து மேசனைக் கூப்பிடுகிறார்கள்.

கேள்வி: தண்ணி விட்டு ஓடுகிற எயார் கூலர் ஈரத்தை எடுக்குமா?
வாசகர், துணுக்காய்

பதில்: எடுக்காது, கொடுக்கும். நீங்கள் ஊற்றுகிற ஒவ்வொரு லீற்றரும் உங்கள் அறைக் காற்றுக்குள்தான் போகிறது. ஆடி மாதச் சோளகத்தில், யன்னலைத் திறந்து வைத்துப் பாவித்தால் கொஞ்சம் சுகம். மாரியில் துடைத்து மூலையில் வையுங்கள்.

கேள்வி: கடற்கரையிலிருந்து அரைக் கட்டை தூரத்தில் வீடு. மூன்று வருசத்தில் வெளி அலகின் தகடு பொடிப்பொடியாக உதிருது.
வாசகர், முல்லைத்தீவு

பதில்: வாடை உங்களுக்குக் கடலிலிருந்து நேரே வருகிறது, உப்போடு. தகடு உதிர்ந்தால் சூடு வெளியேறாது, உள்ளே கொயிலும் போதியளவு குளிராது, ஈரமும் நிற்கும். அடுத்த அலகை வீட்டின் மேற்குப் பக்கத்தில், சுவர் மறைவில் பூட்டுங்கள். தகட்டில் பூச்சு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒருமுறை பிறேக்கரை நிற்பாட்டிவிட்டு, சாதாரண தோட்ட ஹோஸால் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். கிணறு உவர் என்றால் மழைத் தண்ணீர் பிடித்துப் பாவியுங்கள். வாகனம் கழுவுகிற பிறஷர் பம்பு வேண்டாம், மிச்சத் தகட்டையும் மடித்துவிடும்.

கேள்வி: எங்களிடம் பழைய மெசின், இன்வேர்ட்டர் இல்லை. இரவு ஏழு மணிக்குப் பிறகு காற்று வருது, குளிரும் இல்லை, பிசுபிசுப்பு வேறு. பத்தரைக்குப் பிறகு சரியாகுது.
வாசகர், பூநகரி

பதில்: நேரத்தைப் பார்த்தாலே தெரிகிறது, வோல்ட் குறைவு. லைனின் கடைசியில் உள்ள வீடுகளில், எல்லோரும் பாவிக்கிற நேரத்தில் 230 வரவேண்டிய இடத்தில் 180, 190தான் வரும். கொம்பிரசர் கிளம்ப முயன்று, சூடேறி, பாதுகாப்பு உறுப்பு அதை வெட்டிவிடும். உள் ஃபான் குறைந்த வோல்ட்டிலும் சுற்றும். அதனால் கொயிலில் இருந்த தண்ணீரை அறைக்குள் ஊதிக்கொண்டிருக்கும். வெளியே போய்க் காதைக் கொடுத்துக் கேளுங்கள்: "ம்ம்" என்று இரண்டு மூன்று செக்கன் முனகி, 'டக்' என்று நின்றால் அதுதான். அந்த மூன்றரை மணித்தியாலமும் நிற்பாட்டி வையுங்கள், இல்லாவிட்டால் கொம்பிரசர் சுற்று எரியும். 12,000 மெசினுக்கு 3 முதல் 4 கேவிஏ ஸ்ரெபிலைசர், கிளம்ப மூன்று நிமிடம் தாமதிக்கிற வகை. அதோடு மாலை நேரத்து வோல்ட்டை ஒரு கிழமைக்குக் குறித்து, திகதியோடு மின்சார சபையின் உங்கள் பகுதி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ஸ்ரெபிலைசர் உங்கள் வீட்டை மட்டும்தான் காப்பாற்றும்.

கேள்வி: தனியாக ஈரம் உறிஞ்சும் மெசின் வாங்கினால் பலன் உண்டா? சிலர் கரி, உப்பு வைத்தாலே போதும் என்கிறார்கள்.
வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: மாரிக்கு அதுதான் சரியான ஆயுதம். ஏசியைப்போல வெப்பநிலையைப் பார்க்காது, ஈரத்தை அளந்தே ஓடும். முதற் பதிலில் சொன்ன கணக்குப்படி ஒரு படுக்கையறைக்கு இரவில் மூன்று லீற்றருக்குச் சற்று மேல் எடுக்கவேண்டும். பெட்டியில் "நாளுக்கு 20 லீற்றர்" என்று போட்டிருப்பது 30 பாகை, 80 வீதத்தில் அளந்தது. 27 பாகை, 60 வீதத்தில் அதில் பாதி வந்தாலே பெரிது. ஆகவே 20 லீற்றர் வகையை வாங்குங்கள். 200 முதல் 350 வாற்று இழுக்கும், எட்டு மணித்தியாலத்துக்கு இரண்டு, மூன்று அலகு. இழுத்த கரண்ட் முழுவதும், தண்ணீர் ஒடுங்கும்போது வெளிவிடுகிற சூடும் அறைக்குள்ளேயே நிற்பதால், பூட்டிய அறை இரண்டு மூன்று பாகை கூடும். அந்தச் சூட்டை ஏசி எடுக்கட்டும். ஏசி 25, உறிஞ்சி 55 என்று வைத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும், ஏசிக்கும் ஓடுவதற்கு வேலை கிடைக்கும். வாளி நிரம்பினால் மெசின் நின்றுவிடும். பின்னால் ஹோஸ் பூட்டுகிற வாய் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

போனில் படம் காட்டி விற்கிற கைக்கடக்கமான சின்ன மெசின்கள், கொம்பிரசர் இல்லாதவை, நாளுக்குக் கால் லீற்றர், அரை லீற்றர் எடுத்தால் பெரிது. அலுமாரிக்குச் சரி. கல்சியம் குளோரைட் டப்பாவும் அலுமாரிக்குத்தான். கரியும் உப்பும் வைத்த இடத்தை அழகாக்கும்.

கேள்வி: இரண்டு ஈரப்பதன் மானி வாங்கினோம். ஒன்று 68, மற்றது 79. எதை நம்புவது?
வாசகர், மாந்தை கிழக்கு

பதில்: இரண்டையும் சோதியுங்கள், செலவு ஒரு கரண்டி உப்பு. போத்தல் மூடியொன்றில் சமையல் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் குழையுங்கள். உப்புக் கரைந்து தண்ணீராக நிற்கக்கூடாது. அதையும் மானிகளையும் ஒரு சிப் உறைக்குள் வைத்து, உப்பு மானியில் படாமல், காற்றுப் புகாமல் மூடுங்கள். வெயில் படாத இடத்தில் 12 மணித்தியாலம் விடுங்கள். உறைக்குள் இருக்கிற காற்று 75 வீதத்தில் நிற்கும்; எங்கள் ஊர்ச் சூட்டில் அது மாறுவதில்லை. உறையைத் திறக்காமல் வெளியே இருந்தே வாசியுங்கள். 70 காட்டுவதில் எப்போதும் 5 கூட்டுங்கள், 81 காட்டுவதில் 6 கழியுங்கள். எத்தனை கூட்ட, எத்தனை கழிக்க என்பதை மானியின் முதுகில் பேனையால் எழுதி வைத்துவிடுங்கள்.